இரண்டு மூக்கும் ஒரே ஃபிரேமில்

ரய்யாவைத் தெரிந்தவர்கள் முதலில் அவள் தோளைப் பற்றித்தான் பேசுவார்கள். அவள் ஊரான பிதியாவில், கல்யாணத்தில் பெண்கள் தனியாகக் கூடுகிற பகுதியைப் பெண்தான் படம் பிடிக்க வேண்டும். ஆடுகிற கூட்டம் இடிக்கும், சாம்பிராணிப் புகை கண்ணைக் கரிக்கும், மணப்பெண்ணின் அத்தைகள் ஆளுக்கொரு உத்தரவு போடுவார்கள். அத்தனைக்கும் நடுவில் கேமராவை ஆடாமல் நிறுத்தப் பழகியவள் அவள். மஸ்கட்டில் தொலைக்காட்சி வேலை கிடைத்ததும், ஒட்டகப் பந்தயத்தில் ஓடும் வண்டியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து படம் பிடிக்கிற இருக்கை அவளுக்குத்தான் வந்தது. அந்த இருக்கைக்கு எத்தனை ஆண்கள் ஆசைப்பட்டார்கள் என்பதைக் கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவாள். சொன்னால்தான் என்ன, உண்மைதானே!

பந்தயப் படப்பிடிப்பில் ஒன்றுதான் முக்கியம். முன்னால் ஓடுகிற மூக்கை விடக்கூடாது. அந்தப் பழக்கம் கையில் ஊறிப்போனதுதான் வினையாயிற்று.

ஆனால் அர்தா என்கிற ஒட்டக ஓட்டம் பந்தயம் இல்லை. இரண்டு ஒட்டகங்கள் உடம்போடு உடம்பு உரச ஓடும், மேலே இருப்பவர்கள் கை கோத்துக்கொண்டு பாடுவார்கள். எது முந்தினாலும் இருவருக்கும் தலைகுனிவு. இது ரய்யாவுக்குத் தெரியாததல்ல, பிறந்ததிலிருந்து பார்ப்பது. ஆனால் முதல்முறை அதை நேரலையில் எடுத்தபோது அவள் கை தன்பாட்டுக்கு இந்தப் பக்கத்து ஒட்டகத்தின் மூக்கைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கத்து ஒட்டகம் கடைசிவரை மறைந்தே ஓடியது.

மறைந்தது ஹம்தானின் ஒட்டகம். அவர் ஊரையே கூட்டி வீட்டில் டிவி முன்னால் உட்கார வைத்திருந்தார். மறுநாள் ஒளிபரப்பு வண்டிக்கே வந்து நின்றார்.

"என் ஒட்டகத்தோட வாலைக் காட்டத்தான் இவ்ளோ பெரிய கேமராவா? நடக்காத தோல்வியை எங்க தலையில கட்டிட்டாளே இந்தப் பொண்ணு" என்றார்.

இயக்குநர் ஹாரித் அன்றே அவளைப் படப்பிடிப்பு வண்டியிலிருந்து இறக்கி, பார்வையாளர் மேடைக்கு எதிரே அசையாத கேமராவில் நிறுத்திவிட்டார். காபி குடிக்கிற கிழவர்களையும் பேரீச்சம்பழத் தட்டையும் எடுத்துக்கொண்டு நின்றாள். ஹம்தான் சொன்னது நியாயம் என்பதுதான் அவளை அதிகம் எரித்தது.

ஓட்டுநர் கல்ஃபான் மட்டும் அவள் பக்கம் இருந்தான். பயிற்சி ஓட்டம் நடக்கிற காலைகளில் அவளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொள்வான். அங்கே விழுந்து எழுந்துதான் விஷயம் பிடிபட்டது. கிட்டே போனால் இந்தப் பக்கத்து ஒட்டகம் பெரிதாகி மற்றதை விழுங்கிவிடும். நன்றாகத் தள்ளி, கொஞ்சம் முன்னால் போய், ஜூமை நீட்டினால் இரண்டு முகமும் ஒரே அளவில் வரும். ஆனால் அந்த ஜூமில் ஒரு சின்னக் குலுக்கல்கூடத் திரையில் பூகம்பமாகத் தெரியும். கல்ஃபான் டயர்க் காற்றைப் பாதி இறக்கிவிட்டு, மணலில் மெத்தையில் போவதுபோல் ஓட்டிக் காட்டினான். மீதிக் குலுக்கலை அவள் இடுப்பும் முழங்காலும் வாங்கிக்கொண்டன.

அடுத்த குளிர்காலத்தில் அவளே ஹாரித்திடம் போய் இருக்கையைத் திருப்பிக் கேட்டாள். அவர் யோசித்தார். ஹம்தானின் ஒட்டகம் மறுபடி ஓடுகிறது, இந்த முறையும் தப்புப் பண்ணினால் அவள் வண்டிப் பக்கமே வரக்கூடாது என்றார். ரய்யா சரி என்றாள்.

ஒட்டகங்கள் கிளம்பின. தூரத்திலிருந்து அவள் இரண்டு முகங்களையும் ஃபிரேமுக்குள் கொண்டுவந்து, மூக்குகளுக்கு முன்னால் ஓடுவதற்கு வெற்றிடம் விட்டாள். காதில் ஹாரித்தின் குரல் கேட்டது.

"ரொம்பத் தள்ளிப் போறீங்க. கிட்ட போ ரய்யா."

"போனா ஒண்ணுதான் தெரியும் உஸ்தாத்."

"கிட்ட போன்னு சொல்றேன்."

அவள் வண்டிக் கூரையைத் தட்டினாள். இன்னும் தள்ளிப் போகச் சொல்கிற தட்டு அது. கல்ஃபான் சிரித்துக்கொண்டே திருப்பினான். ஜூமை இன்னும் நீட்டினாள், மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஹம்தானின் ஒட்டகத்தில் ஏறியிருந்த அவர் மகன் ஓட்டத்தின் நடுவே அதன் முதுகில் எழுந்து நின்றான், பக்கத்தில் இருந்தவனின் தோளைப் பற்றியபடி. கிட்டே போயிருந்தால் அவன் தலை வெட்டுப்பட்டிருக்கும். இப்போது இரண்டு ஆட்கள், இரண்டு முகங்கள், கோத்த கைகள், பாட்டுக்குத் திறந்த வாய்கள் எல்லாம் ஒரு குலுக்கல் இல்லாமல் கடைசிக் கொடி வரை வந்தன. காதில் ஹாரித் மெதுவாக, "அப்படியே வச்சுக்கோ, அப்படியே வச்சுக்கோ" என்றார்.

அன்று டிவியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் மார்பு நிமிர்கிறது.

ஓட்டம் முடிந்ததும் இரண்டு குடும்பத்து ஆட்களும் ஒளிபரப்பு வண்டியை மொய்த்தார்கள். பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள், யார் ஒட்டகம் அரைவிரல் முந்தியது என்று கண்டுபிடிக்க. யாராலும் முடியவில்லை. அது முடியாமல் போனதில் இரு தரப்புக்கும் பெருமை தாங்கவில்லை.

ஹம்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரய்யாவின் வண்டிக்கு வந்தார். அவள் கேமராவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"என் ஒட்டகம் எங்க முந்துது, எங்க பிந்துதுன்னு தேடினேன் மகளே. பிரிச்சுப் பார்க்கவே முடியல" என்றார். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவோ என்னவோ ஹாரித்தின் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தினார். "அடுத்த வருஷம் இந்த வண்டியில இவ இல்லேன்னா, எங்க ஒட்டகம் ஓடாது. சொல்லிட்டேன்."

ஜோடியாக ஓடிய ஒட்டகத்தின் குடும்பத்துப் பெரியவரும் தங்கள் ஒட்டகமும் ஓடாது என்றார்.