அண்ணன் கணக்கில் வராத பந்தயம்

என் அண்ணனிடம் எதையும் சாதாரணமாகக் கேட்டுவிட முடியாது. சுவருக்கு எந்த நிறம் நன்றாக இருக்கும் என்று அண்ணி கேட்டால், எந்த வெளிச்சத்தில் பார்க்கிறோம், எந்தச் சுவரோடு ஒப்பிடுகிறோம் என்று ஆரம்பிப்பான். அதற்குள் பெயின்டர் தனக்குத் தோன்றியதை அடித்துவிட்டுப் போயிருப்பார்.

அவனுக்கு வாய்த்த வேலையும் அப்படித்தான். வீடியோ கேம் விற்கும் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில், எந்த கேம் எந்தக் கன்சோலில், அதாவது டிவியில் மாட்டி விளையாடும் எந்தக் கருவியில், எவ்வளவு விற்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து, எதை எவ்வளவு வாங்கலாம் என்று சொல்கிறவன். ஜன்னல் இல்லாத அறை, இரண்டு கணினித் திரை, ஆறிப்போன டீ. அவனுக்கு கேம் விளையாட வராது. ஒருமுறை கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன். டிவி ரிமோட் மாதிரி ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு எந்த பட்டன் என்று கேட்டான்.

அதே கம்பெனிக்கு ஊரில் இரண்டு கடைகள். ஒன்று பேருந்து நிலையத்துக்கு எதிரே, நல்ல விசாலம். இன்னொன்று ஒரு வணிக வளாகத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கிறது. அதற்கு நான் மேனேஜர். வாடகை கட்டுப்படியாகவில்லை, இந்த விடுமுறை சீசனில் எந்தக் கடை குறைவாக விற்கிறதோ அதை மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்றோடு என் தூக்கம் போயிற்று.

எங்கள் பிழைப்பே இரண்டு கேம்களுக்கு நடுவில்தான். ஒன்று வாள்சண்டை, வருடா வருடம் புதுப் பாகம் வரும், எல்லாக் கன்சோலிலும் ஓடும். இன்னொன்று கார்ப்பந்தயம், ஒரே ஒரு கன்சோலில்தான் ஓடும். இரண்டு பக்கத்து ரசிகர்களும் என் கடை வாசலில் நின்று எது பெரியது என்று வாய்ச்சண்டை போடுவார்கள், கடைசியில் ஒன்றும் வாங்காமல் போவார்கள். அது தனி எரிச்சல்.

பந்தயத்தைத் தனி டிஸ்க்காக வாங்குகிறவர்கள் குறைவு. கன்சோலோடு ஒரே பெட்டியில் காம்போவாகச் சல்லிசாகக் கிடைக்கும்போது யார் தனியாக வாங்குவார்கள்? ஆனால் காம்போவில் போகிற கேம் விற்பனையில் சேராது என்பது அண்ணன் போட்ட விதி. வாங்கினவன் கன்சோலைத்தான் வாங்கினான், கேம் கூடவே வந்தது, அவன் அதைத் தேர்ந்தெடுக்கவில்லையே என்பான். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எல்லாக் கன்சோலையும் கூட்டி வாள்சண்டையை மலையாகக் காட்டுவான். காம்போவைக் கழித்துவிட்டால் பந்தயம் இருக்கிற இடமே தெரியாது.

சீசனுக்குச் சரக்கு வாங்குவதற்கு முன்னாலேயே அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ஜனங்கள் கன்சோல் கேட்டு வரவில்லை, பந்தயம் இருக்கிற பெட்டியைக் கேட்டுத்தான் வருகிறார்கள். அது இல்லாத கன்சோலைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை என்றேன். தினமும் கடையில் நிற்கிறவள் சொல்வதைக் கேளுங்களேன் என்று அண்ணியும் எனக்காகப் பேசினாள். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நாலு பேர் கேட்டாங்கன்னு விதியை மாத்த முடியாதும்மா. அப்புறம் தங்கச்சிக்காக மாத்திட்டான்னு பேச்சு வரும்."

பெரிய நியாயஸ்தன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் பேச்சைக் கேட்டு முதலாளி காம்போவைப் பேருக்குக் கொஞ்சம் வாங்கினார். அத்தனையும் பேருந்து நிலையக் கடைக்குப் போயிற்று, அங்கேதான் வைக்க இடம் இருக்கிறதாம். எனக்கு வந்தது வாள்சண்டை, மறுபடியும் வாள்சண்டை. வைக்க இடமில்லாமல் கழிப்பறைக் கதவு வரைக்கும் அடுக்கினேன்.

ஒரு சனிக்கிழமை, கூட்டம் எப்படி என்று பார்க்க அண்ணனே கடைக்கு வந்தான். ஸ்டூலைப் போட்டு ஓரமாக உட்கார வைத்தேன். மகளோடு வந்த ஒருவர் பந்தயம் போட்ட பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். தனித்தனியாகத் தருகிறேன் என்றேன். விலையைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினார். இன்னொரு கடையில் இருக்கிறது என்று நானே வழி சொல்லி அனுப்பினேன். வாடிக்கையாளரை வெறுங்கையோடு விடக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு. அவருக்குப் பின்னால் ஒரு அம்மா, அவருக்குப் பின்னால் ஒரு ஜோடி, எல்லோருக்கும் அதே கேள்வி, அதே வழி. என் கடையில் நின்றுகொண்டு அந்தக் கடைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தேன். சாயங்காலம் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"நீ சொன்னது சரிதான். பெட்டியைத்தான் கேக்கறாங்க."

இதைக் கேட்கத்தான் இத்தனை காலம் தவம் கிடந்தேன். சந்தோஷப்பட முடியவில்லை. மொத்த வியாபாரியிடமும் காம்போ தீர்ந்துபோயிருந்தது.

சீசன் முடிந்தது. இரண்டு கடைகளின் விற்பனையையும் ஒப்பிட்டு முதலாளிக்கு அறிக்கை தருவதும் அண்ணன் வேலைதான். என் கடை பின்தங்கியிருந்தது; அதில் பொய் இல்லை. அவனுடைய ஜன்னலில்லாத அறைக்குப் போனேன். ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், என் கடைக்குக் காம்போ அனுப்பவே இல்லை என்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அதை எழுதினா, காம்போ வேணாம்னு யார் சொன்னதுன்னு முதலாளி கேப்பார்."

"கேக்கட்டுமே. நீதானே சொன்ன."

"எனக்கு இதை விட்டா வேற வேலை தெரியாதும்மா. நீ எங்க போனாலும் பொழச்சுப்ப."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். கதவைச் சாத்திவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன். அறிக்கை அந்த வரி இல்லாமலே போயிற்று.

கடை மூடப்படும் என்று கதவில் நானே ஒட்டினேன். மிச்சமிருக்கிற வாள்சண்டையைக் கட்டி அனுப்புவதுதான் இப்போது வேலை. தினமும் அம்மா ஃபோன் செய்கிறாள். அண்ணன் அதே கம்பெனியில் இருக்கும்போது உன்னை விட்டுவிடுவானா, எதற்குக் கவலைப்படுகிறாய் என்கிறாள். ஆமாம்மா என்று சொல்லி ஃபோனை வைத்துவிடுகிறேன்.