பெருமாள்சாமியின் ஆய்வேடு

காக்ஸ் டவுன் ஜூலியா பத்தொன்பது வருடமாக ஓர் ஆய்விதழின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். வருகிற கட்டுரையில் திருட்டு இருக்கிறதா என்று மென்பொருளில் போட்டுப் பார்ப்பது அவள் பொறுப்பு. இருந்தால், முதலில் கட்டுரை அனுப்பியவரையே கேட்க வேண்டும். பிறகுதான் அவருடைய கல்லூரிக்குச் சொல்ல வேண்டும். இந்த விதியைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியதே அவள்தான். ஊருக்குத்தானே உபதேசம்!

போன மார்ச்சில் யசோதா ரவி என்ற கல்லூரி ஆசிரியையின் கட்டுரை வந்தது. பாதிக்கு மேல் ஒரு பழைய ஆய்வேட்டில் வரிக்கு வரி இருந்தது. எழுதியவர் பெயர் பெருமாள்சாமி என்றது பல்கலைக்கழக இணையதளம். ஒருத்தர் நாலு வருடம் உழைத்ததை இன்னொருத்தி நோகாமல் அள்ளுவதா? ஜூலியாவுக்குக் கோபம் தலைக்கேறியது. யசோதாவைக் கேட்காமலே கல்லூரி முதல்வருக்குக் கடிதம் போட்டுவிட்டாள். அந்த மாதம்தான் யசோதாவின் வேலை நிரந்தரமாக வேண்டியது. முதல்வர் நிறுத்திவைத்தார்.

மூன்றாம் நாள் யசோதா நேரில் வந்தாள். கூடவே மர்பி டவுனிலிருந்து ஒரு பெரியவர், விரலிடுக்கெல்லாம் பெயின்ட்.

"நான்தாம்மா பெருமாள்சாமி. நான் எழுதுனத எம்பொண்ணு திருடிடுச்சின்னு லெட்டர் போட்டீங்களாமே? எனக்குக் கையெழுத்து போடத்தாம்மா தெரியும்."

ஆய்வேடு யசோதாவுடையதேதான். கல்யாணத்துக்கு முன்பு அவள் பெ. யசோதா. இணையதளம் குடும்பப் பெயர் கேட்டிருக்கிறது, நமக்கேது அது? பதிவேற்றியவர் இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் பெரிதாகப் போட்டு, யசோதாவை ஒற்றை எழுத்தாக்கிவிட்டார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, மேடம்," என்றாள் யசோதா.

ஜூலியாவுக்கு வெட்கமாக இருந்தது. பாங்கிலிருந்து போன் வந்தால் அவளையே 'மிஸ்டர் அந்தோணி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தோணி அவளுடைய அப்பா. அதற்காக வாராவாரம் சண்டை போடுகிறவள் அவள்.

அன்றே மன்னிப்புக் கடிதம் எழுதி, பஸ் பிடித்துப் போய், தப்பு என்னுடையது என்று முதல்வரிடம் நேரில் சொன்னாள். வேலை நிரந்தரமானது. இணையதளத்திலும் பெயரைத் திருத்தச் சொல்லப்போவதாக ஜூலியா யசோதாவின் வீட்டுக்குப் போன் செய்தாள். எடுத்தவர் பெரியவர்.

"மாத்துங்கம்மா, அது அவ படிச்ச படிப்பு," என்றார். "அதுக்கு முன்னாடி ஒரு பிரிண்ட் மட்டும் எடுத்துக் குடுங்க. எம்பேரு எங்கயும் அச்சுல வந்ததில்ல."