நான்காவது மாடி ஆலிவ்

மாப்பிள்ளை பெங்களூர் நர்சரியிலிருந்து அந்தச் சின்ன ஆலிவ் மரத்தைக் கொண்டுவந்தபோது, திருவனந்தபுரத்தின் விளிம்பில், கழக்கூட்டத்தில் மகளின் நான்காவது மாடி ஃபிளாட்டுக்கு நான் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வந்தது மூன்று மாதத்துக்கு. ஊருக்குள், கிழக்கேகோட்டையில் என் வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மூன்று மாதம் ஓய்வு என்று டாக்டர் எழுதிக்கொடுத்த காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அரசாங்க அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் கோப்பு பார்த்தவள் நான். தாற்காலிகமான ஒன்றை நிரந்தரமாக்க யாரும் உத்தரவு போடவேண்டியதில்லை, நீட்டித்துக்கொண்டே போனால் போதும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

மகளும் மாப்பிள்ளையும் காலை எட்டு மணிக்கு கம்பெனிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். என்னைத் தனியாக கேட்டுக்கு வெளியே விடக்கூடாது என்று வாட்ச்மேனுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அவர் நாங்குநேரிப் பக்கத்துக்காரர்.

"போஸ்ட் ஆபீஸ் வரைக்கும்தான்" என்பேன்.

"ஸ்டாம்பு நான் வாங்கியாறேன்மா. கேட்டத் தொறந்தா எனக்கில்லா சோலி போயிரும்."

வீட்டுச் சாவி மகளின் கைப்பையில் இருந்தது. வீட்டை ஒரு ஜவுளிக்கடைக்காரர் கிடங்குக்குக் கேட்கிறார் என்ற பேச்சும் சாப்பாட்டு மேஜையில் இரண்டு முறை வந்துவிட்டது. மூன்றாம் முறை வந்தால் அது முடிவாகிவிடும்.

மரத்தை மேஜையில் வைத்த அன்று மகளிடம் கேட்டேவிட்டேன், "என்னை எப்போ அங்கே கொண்டு விடப்போறே?"

"தனியா எப்படி இருப்பே? ஆத்துத் துளசியே ரெண்டு தடவை பட்டுப்போச்சு."

"துளசி உங்கப்பாவோட செக்‌ஷன் ஆக்கும்."

மகள் சிரித்துவிட்டாள். "சரி, கேட்டயா, இந்த ஆலிவை அடுத்த சித்திரை வரைக்கும் உயிரோட வெச்சுக் காட்டு. சாவியைத் தந்துடறேன்."

நான் டைரியை எடுத்து, அவள் சொன்னதை அப்படியே எழுதி, கையெழுத்துக்கு நீட்டினேன். விளையாட்டு என்று நினைத்துப் போட்டுக்கொடுத்தாள். கீழே மாப்பிள்ளையைச் சாட்சியாகப் போடவைத்தேன்.

மரத்தைத் தொட்டியில் குட்டையாகவே வளர்க்கும் போன்சாய் பற்றி மாப்பிள்ளை தன் ஆபீஸில் நாற்பது பக்கம் பிரிண்ட் எடுத்து வந்தார். இரண்டு முறை படித்து, முக்கியமான இடங்களில் சிவப்பு மையால் கோடு போட்டேன். மரத்துக்கு முன்பக்கம் எது என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். உள்நோக்கி வளரும் கிளையையும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் கிளையையும் நீக்க வேண்டும். கம்பியைச் சாய்வாகச் சுற்றி, மெல்ல வளைக்க வேண்டும். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. எல்லாம் தெளிவாக இருந்தது. ஒன்றே ஒன்றுதான் சிக்கல். தொட்டி மாற்றுவதை வசந்த காலத்தில் செய்யவேண்டும் என்று போட்டிருந்தது. திருவனந்தபுரத்தில் வெயில் உண்டு, மழை உண்டு, இரண்டுக்கும் நடுவில் புழுக்கம் உண்டு. வசந்தத்தை நான் பார்த்ததில்லை.

விதி இங்கே பொருந்தாதபோது உள்ளூர் வழக்கத்தைப் பின்பற்றலாம் என்று முடிவெடுத்தேன். ஆனி மாதத்தில் திருவாதிரை ஞாற்றுவேலை என்று ஒரு பதினைந்து நாள் வரும். கேரளம் முழுக்க அப்போதுதான் மிளகுக்கொடியிலிருந்து செம்பருத்திக் கம்புவரை நடுவார்கள். விடாமல் மழை பெய்யும், நட்டதெல்லாம் பிடித்துக்கொள்ளும். எங்கள் தெருவில் செடியே வளர்க்காதவர்கள்கூட அந்த வாரம் ஒரு கம்பையாவது குத்திவைப்பார்கள்.

"அம்மா, இது மழை பிடிக்காத மரம்னு நெட்ல இருக்கு" என்றார் மாப்பிள்ளை.

"நெட்டுக்கு ஞாற்றுவேலை தெரியுமா?" என்றேன்.

நல்ல மனிதர்; என்னோடு வாதாடுவதில்லை என்று மகளிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

தட்டையான தொட்டி கிடைக்கவில்லை. மகளுக்குக் கல்யாணப் பரிசாக வந்து, பெட்டியிலேயே கிடந்த பீங்கான் பாத்திரம் ஒன்றை எடுத்தேன். வாட்ச்மேன் ட்ரில் கொண்டுவந்து அடியில் நான்கு ஓட்டை போட்டார்.

"வெலகூடுன சாமானத்துல ஓட்ட போட வைக்கிய. பாப்பா என்னையில்லா ஏசும்."

"என் உத்தரவுன்னு சொல்லுங்கோ."

"ஒங்க உத்தரவு நாலாம் மாடியத் தாண்டாதும்மா."

ஓட்டைகளின் மேல் வலை, அதன் மேல் சல்லி, பிறகு சலித்த மணலும் செங்கல் துண்டும். காலையில் கிளைகளை வெட்டிக் கம்பி சுற்றினேன். மதியம் வேரை அவிழ்த்து, வெட்டி, மரத்தைத் தொட்டியோடு சேர்த்துக் கட்டி, பின்னல் ஊசியால் மண்ணைக் குத்தி இறக்கினேன். இரண்டையும் ஒரே நாளில் செய்யக்கூடாது என்று பதினேழாம் பக்கத்தில் இருந்தது. அதன் கீழே என் சிவப்புக் கோடும் இருந்தது. ஆனால் ஞாற்றுவேலை முடிய மூன்று நாள்தான் பாக்கி. மாலையில் அதை பால்கனியின் இரும்புக் கம்பி அழிக்கு வெளியே, மழை நன்றாக விழும் திட்டில் வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கம்பி இழுத்த பக்கமெல்லாம் வளைந்து, கையடக்கமாக, யாருக்கும் தொந்தரவில்லாமல் நின்றது.

மூன்று வாரம் மழை விடவில்லை. இலைகள் மஞ்சளாயின, பிறகு உதிர்ந்தன. தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தபோது வேர்கள் கறுத்து, தொட்டால் தோல் உரிந்துவந்தன. அழுகியதை வெட்டிவிட்டு, உலர்ந்த மணலில் நட்டு, உள்ளே கொண்டுவந்து மேஜை மின்விசிறியைப் போட்டுவிட்டேன். மொட்டைமாடியில் வெயில் கிடைக்கும். ஆனால் அங்கே செடி வைக்கக் கூடாது என்பது குடியிருப்போர் சங்க விதி. விலக்கு கேட்டு மனு எழுதினேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அந்த வாக்கியத்தை நானே எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.

தினமும் காலையில் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்ப்பேன். உள்ளே பச்சை இருந்தால் உயிர். முதலில் கிளை நுனிகள் பழுப்பாயின, பிறகு கிளைகள், பிறகு அடிமரம். பழுப்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கீழே இறங்கியது. மகள் கேட்டால், இது இலை உதிர்க்கும் பருவம் என்று சொன்னேன். பணிக்காலத்தில் ஒரு பொய் அறிக்கைகூட எழுதாதவள் நான்.

புரட்டாசியில், மண்ணை ஒட்டி, செத்த அடிமரத்தின் காலடியிலிருந்து ஒரு துளிர் வந்தது. அடியிலிருந்து வரும் துளிர் மரத்தின் வடிவைக் கெடுக்கும், உடனே கிள்ளிவிடவேண்டும் என்று முப்பத்தோராம் பக்கம் சொல்கிறது. நான் கிள்ளவில்லை.

சித்திரையில் அது ஒரு சாண் உயரத்துக்குக் கன்னாபின்னாவென்று வளர்ந்திருந்தது. டைரியோடு மகளிடம் போனேன். அவள் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"நீ கம்பி சுத்தின மரம் செத்துப்போச்சே அம்மா. இது வேற ஏதோ முளைச்சிருக்கு."

"அதே வேர்டீ."

"இலை உதிர்க்கற பருவம்னு சொன்னயே?"

"சொன்னேன். பொய்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அங்கே நீ விழுந்தாலும் இப்படித்தான், பருவம்னு சொல்லுவே. எனக்கு எப்படித் தெரியும்?"

கையெழுத்துப் போட்ட பக்கத்தை மூடி, டைரியை மேஜையில் வைத்தேன்.

கடைசியில் மாப்பிள்ளைதான் வழி சொன்னார். வெள்ளிக்கிழமை மாலையில் அவரே கொண்டுபோய் விடுவார், ஞாயிற்றுக்கிழமை மாலையில் அழைத்துவருவார். கிணற்றடிப் பக்கம் போகக்கூடாது. இரண்டு வேளை போன் எடுக்கவேண்டும். கிடங்குப் பேச்சு இனி கிடையாது. கோரிக்கை பகுதியாக ஏற்கப்படுகிறது என்று எழுதி நானும் எத்தனையோ பேரின் வாயை அடைத்திருக்கிறேன்.

"மரத்தையும் எடுத்துண்டு போறேன்" என்றேன்.

"வேண்டாம். அது இங்கே இருக்கட்டும். அப்போதான் நீ திரும்பி வருவே."

அந்த வெள்ளிக்கிழமை என் வீட்டுக் கதவைத் திறந்தேன். பூட்டு துருவேறி, சாவி திரும்ப நேரமாயிற்று. இரண்டு இரவு அங்கே தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மழை வரும்போல இருந்தது. ஆலிவை யாராவது உள்ளே எடுத்து வைத்திருப்பார்களா என்று யோசித்துக்கொண்டே, கார் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பையோடு வாசலில் நின்றேன்.