ஜனவரியில் எடுத்த படத்தை நம்பி மே மாதம் கல்லாற்றுக்குப் போன கதை

திருவனந்தபுரம் பக்கத்துப் பொன்முடி மலை பற்றி நான் முன்பு எழுதிய பதிவுக்குக் கீழே இன்றைக்கும் யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்: "வழியில் கல்லாற்றில் நிறுத்த வேண்டுமா, நேரே மேலே போய்விடலாமா?" நிறுத்துங்கள் என்பதுதான் என் பதில். நான் போன மே கடைசி வாரத்தில் மூன்று நாள் அங்கேயே நின்றுவிட்டேன். ஊர் சுற்றப் போகவில்லை, வேலைக்குப் போனேன். அந்த வேலையில் நன்றாக மூக்குடைபட்டேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கம்பெனிகளின் கிளைகளைத் தலைமை அலுவலகத்தோடு இணைக்கும் கம்ப்யூட்டர் லிங்குகளைப் போட்டுக் கொடுப்பது என் தொழில். திருவனந்தபுரம் ஆரியசாலையில் மசாலாச் சரக்கு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு மூன்று கிளைகள். மூன்றிலும் பழைய டெலிபோன் கம்பி வழியாகத்தான் லிங்க். வலியசாலை, நெடுமங்காடு கிளைகளை ஏப்ரலிலேயே மாற்றிக் கொடுத்துவிட்டேன். மீதி இருந்தது கல்லாறு. மலைக்காரர்களிடம் மிளகும் ஜாதிக்காயும் வாங்கும் சின்னக் கிளை அது.

எனக்கு ஊர் திருநெல்வேலி. புதன்கிழமை காலை பஸ்ஸில் நாகர்கோவில் வந்து, அங்கிருந்து ரயில் பிடித்தேன். பொதுப் பெட்டியில் ஐம்பது ரூபாய்க்குள்தான் டிக்கெட். இரண்டு மணி நேரத்தில் தம்பானூர், அதாவது திருவனந்தபுரம் ஸ்டேஷன். அங்கிருந்து ஆரியசாலைக்கு ஆட்டோவில் நாற்பது ரூபாய் கொடுத்தேன். பை கனமாக இல்லாவிட்டால் இருபது நிமிடத்தில் நடந்தே போகலாம். வத்தல் நெடி தும்ம வைத்தால் சரியான தெருவுக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். இந்தக் கம்பெனியின் சர்வர் இருக்கும் அறை முன்பு பெருங்காயம் அடுக்கிய அறை. மெஷினைத் திறந்தால் இன்றைக்கும் ரச வாசனை அடிக்கிறது.

முதலாளி அண்ணாச்சிக்கு எழுபது வயது இருக்கும். சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் இல்லாதவர்.

"ஏம்மா, ஜாதிக்கா சீசன் ஆரம்பிச்சாச்சு. ஈரச் சரக்கு எத்தனை மூடை வந்திருக்குன்னு அன்னன்னைக்குத் தெரிஞ்சாத்தான் நான் லாரி அனுப்ப முடியும். ஒரு நாள் தப்புனா பூஞ்சை புடிச்சுரும். சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கல்லாத்துப் பட்டியல் உன் புது லிங்குல வரணும். வரலைன்னா ஒண்ணாந்தேதியிலிருந்து கல்லாறு கிடையாது. அந்தப் பிள்ளைய இங்க வரச் சொல்லிருவேன்."

அந்தப் பிள்ளை என்று அவர் சொன்னது ஜெபராணியை. நாற்பது வயது, பாறசாலைப் பக்கம் பிறந்தவர், பன்னிரண்டு வருடமாகக் கல்லாறு கிளையை நடத்துகிறவர். இந்த வேலையை நம்பி அங்கேயே வீடு எடுத்துக் குடியிருக்கிறார். கிளையை மூடினால் அவர் தினமும் ஆரியசாலைக்குப் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும். அண்ணாச்சியிடம் நான் தைரியமாகவே தலையாட்டினேன். ஜனவரியில் கல்லாற்றுக்கு நேரில் போய் இடத்தைப் பார்த்து, படமும் எடுத்து வைத்திருந்தேன். ஆற்றுக்கு அக்கரையில் கேபிள் டிவிக்காரர் வீடு வரைக்கும் நல்ல ஃபைபர் லைன் வந்திருக்கிறது. இக்கரைக்குக் கொண்டுவந்தால் மழைக்காலத்தில் மரக்கிளை விழுந்து லைன் அறுந்துவிடும். ஆகவே அந்த வீட்டு மாடியில் ஓர் ஆன்டெனா, நம் கிளையின் கூரையில் ஓர் ஆன்டெனா. நேர்கோட்டில் 740 மீட்டர். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டால் போதும். என் படத்தில் அக்கரை வீட்டின் நீலத் தண்ணீர்த் தொட்டி பளிச்சென்று தெரிந்தது.

அன்று இரவு வலியசாலையில் தங்கினேன். அறை வாடகை எண்ணூறு ரூபாய். பக்கத்து அக்ரஹாரத் தெருவில் ஒரு மெஸ் இருக்கிறது. ஏழரைக்கெல்லாம் போய்விடுங்கள், எட்டு மணிக்குப் போனால் "அடை ஆயிடுத்து, தோசைதான் இருக்கு, பரவாயில்லையா?" என்று கேட்பார்கள். பரவாயில்லை என்றுதான் சொன்னேன், ஆனால் மனசு ஆறவில்லை.

வியாழன் காலை ஆறரைக்கு வாடகை ஜீப். சாமான் இருந்ததால் ஜீப், இல்லாவிட்டால் பஸ்ஸே போதும். நெடுமங்காடு, விதுரை வழியாகக் கல்லாறு 44 கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். ஜீப்புக்கு 2,200 ரூபாய். டிரைவர் சதீஷ் களியக்காவிளைக்காரர். விதுரை தாண்டியதும் இரண்டு பக்கமும் ரப்பர்த் தோட்டம் அடர்ந்து ரோடு இருண்டது. "எவ்வளவு பச்சை!" என்று வாயைப் பிளந்துகொண்டு வந்தேன். அந்தப் பச்சையைப் பார்த்ததுமே எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். இல்லையே, ஜன்னலில் கையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

கிளையில் ஜாதிக்காய் மூட்டைகளுக்கு நடுவே ஜெபராணி வரவேற்றார். சிவப்பு ஜாதிபத்திரி தட்டுத் தட்டாகக் காய்ந்துகொண்டிருந்தது. பத்து மணிக்குக் கூரையில் ஏறி ஆன்டெனாவை மாட்டினேன். அக்கரையில் மற்றொன்றைச் சதீஷை வைத்து மாட்டியாயிற்று. ஸ்விட்சைப் போட்டால் சிக்னல் பூஜ்யம். திருகினேன், சாய்த்தேன், இறக்கி ஏற்றினேன். பூஜ்யம்தான். பிறகுதான் நிமிர்ந்து எதிரே பார்த்தேன். நீலத் தொட்டியைக் காணவில்லை. தொட்டி இருந்த இடத்தில் பச்சைச் சுவர்.

கீழே இருந்து ஜெபராணி கேட்டார். "என்ன மேடம் தேடுதிய?"

"அந்த வீடு எங்கே போச்சு?"

"வீடு அங்கதான் இருக்கு. எடையில ரப்பராக்கும். நீங்க வந்தது ஜனவரில இல்லியா? அப்போ மரம் எல்லாம் மொட்டையாக்கும். இலை முழுசும் கொழிஞ்சிரும். மாசியில தளுத்துரும். பின்ன வீட்ட எங்க காண?" என்றார். சொல்லி முடிக்கும்முன் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

போனில் ஜனவரிப் படத்தை எடுத்துப் பார்த்தேன். நீலத் தொட்டி, அதற்கு முன்னால் குச்சி குச்சியாய் மரங்கள், தரை முழுக்கச் சருகு. அன்றைக்கு அந்தச் சருகு காலடியில் நொறுங்க நொறுங்க நான்தான் நடந்து போனேன். இவ்வளவு இலை எங்கிருந்து விழுந்தது என்று ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. பதினாறு வருட அனுபவம் என்று என் விசிட்டிங் கார்டில் போட்டிருக்கிறது. அதைக் கிழித்து ஆற்றில் விடலாம் போல வெட்கமாக இருந்தது.

பால் வெட்டும் மரங்களை வெட்டச் சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. என் லேப்டாப்பில் ஒரு படிவம் உண்டு. அதில் "இடம் இணைப்புக்கு ஏற்றதல்ல" என்று ஒரு கட்டம். அதில் டிக் போட்டு அனுப்பினால் என்னை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மலைப் பிரதேசம், மரம், மழை என்று எழுதினால் அண்ணாச்சி நம்பிவிடுவார். கிளையை மூடுவார். நான் வெள்ளிக்கிழமையே வீட்டில் இருப்பேன். உள்ளதைச் சொல்கிறேன், டிக் போட்டேவிட்டேன். அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

அப்போது ஜெபராணி தட்டில் கப்பையும் மீன் கறியும் கொண்டுவந்தார். மரவள்ளிக்கிழங்குக்குத்தான் அங்கே கப்பை என்று பெயர். தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"மேடம், நடக்காதுன்னா இப்பமே சொல்லிருங்க. மோளுக்கு இந்த வருசம் பத்தாங்கிளாஸ். நான் காலம்பற ஆறு மணிக்கு எறங்கி ராத்திரி எட்டு மணிக்கு வந்தேன்னா அவ ஒத்தைக்கு இருக்கணும். மாப்பிள்ள கல்ஃபுலயாக்கும். முன்கூட்டியே தெரிஞ்சா எங்க அம்மை வீட்டுல கொண்டு விட்டுருவேன். ஸ்கூல் மாத்தணும். அதான் கேக்கேன்."

அந்த மீன் கறி என்ன மீன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாலு வாய் சாப்பிட்டுவிட்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். இடத்தின் மேல் தப்பில்லை, தப்பு என் மேல்தான், இலை உதிர்ந்த மாதத்தில் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டேன் என்று சொன்னேன்.

அண்ணாச்சி முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார். "திருநவேலில ரப்பர் ஏது, உனக்கு எப்படித் தெரியும்? ஆனா பக்கத்துல ஜெபராணி நின்னிருப்பாளே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? சரி, நான் சனிக்கிழமைன்னுதானே சொன்னேன். இன்னைக்கு வியாழன்தானே? அதுக்குள்ள ஏன் அழுத?"

நான் அழவில்லை. கிட்டத்தட்ட.

மூன்றரைக்கு ஜெபராணி ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். உள்ளே பென் டிரைவ், மூடியின் மேல் ரப்பர் பேண்ட். அங்கே செல்போனில் பேசத்தான் முடியும், நெட் எடுக்காது; நீளப் பட்டியலை வாயால் சொன்னால் எண் தப்பும். பழைய கம்பி லிங்க்கோ மழைத்தூறல் விழுந்தாலே செத்துவிடும். அந்த நாளெல்லாம் அவர் பட்டியலைப் பென் டிரைவில் ஏற்றி, மூன்றே முக்கால் பஸ்ஸின் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார். தம்பானூரில் ஆரியசாலை ஆள் வந்து வாங்கிக்கொள்வார். மூன்று வருடமாக நடக்கிறது, ஒரு தரமும் டப்பா தொலைந்ததில்லை. ஆனால் பஸ் போய்ச் சேர்வதற்குள் அன்றைய லாரி கிளம்பிவிடும். அதுதான் தொல்லை.

நானும் கூடப் போனேன். பாலத்து முனையில் சுகுமாரன் அண்ணனின் டீக்கடை. கிளையிலிருந்து 120 மீட்டர். ஆற்றைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து டீயை வாயில் வைத்தேன். எதிரே, ஆறு நேராக வந்து திரும்பும் இடத்தில், நீலத் தொட்டி. வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. ஆற்றில் ரப்பர் வளராதே! டீ கொட்டிச் சுடிதார் நனைந்தது. அதற்குள் பஸ் வந்து டப்பாவை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

கடைக் கூரையில் கம்பம் நட்டு ஆன்டெனா வைத்து, அங்கிருந்து கிளைக்குச் சுவரோரமாகக் கேபிள் இழுத்தால் முடிந்தது. சுகுமாரன் அண்ணனிடம் கேட்டேன். அறுபது வயது இருக்கும், தமிழ் ஓரளவு பேசுவார்.

"அதொக்கெ சரி. இரும்புக் கம்பத்துல மின்னல் எறங்குனா எந்து செய்யும்? நீங்க நெல்வேலிக்குப் போயிரும், கீழ நானல்லே இருக்குது?"

மண்ணில் செம்புக் கம்பி இறக்கினால் மின்னல் அந்த வழியாகத் தரைக்குப் போய்விடும் என்று படம் வரைந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அப்போ ஒரு காரியம் செய்யாம். கம்பம் வெச்சோ. இடி வெட்டும்போ நீங்க இவிடெ, இந்த பெஞ்சுல இருக்கணும். உங்களுக்குப் பேடி இல்லைன்னா எனக்கும் இல்ல. பின்ன கேபிள் வலிச்சாப் போதும்." பேடி என்றால் அவர்களுக்குப் பயம், வலிப்பது என்றால் இழுப்பது.

வெள்ளிக்கிழமை பகலில் கம்பம் நட்டு, செம்புக் கம்பியை ஆறடி ஆழத்துக்கு இறக்கினேன். ஆறு அங்குலம் கூடவே தோண்டச் சொன்னேன், உட்காரப் போவது நானல்லவா? மாலை நான்கு மணிக்குப் பொன்முடிப் பக்கம் கறுத்தது. சுற்றுலாக் கார்கள் எல்லாம் அவசரமாக இறங்கின. நான் பெஞ்சில். ஜெபராணியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முக்கால் மணி நேரம் இடி. சுகுமாரன் அண்ணன் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, போட்டுக்கொண்டே என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அதை மறைக்க ஐந்து பழம்பொரி சாப்பிட்டேன். மழை விட்டதும் அவர் காசு வாங்கவில்லை. "நாளை கேபிள் வலிச்சோ" என்றார்.

சனிக்கிழமை சதீஷ் நெடுமங்காட்டிலிருந்து கேபிள் சுருளோடு ஒன்பது மணிக்கு வந்தார். இரண்டரைக்கு முடித்தோம். மூன்று மணிக்கு ஜெபராணி பட்டியலை அனுப்பினார். பொத்தானை அழுத்திய விரலை அவர் எடுப்பதற்குள் போய்விட்டது. அவருக்கு நம்பிக்கை இல்லை, ஆரியசாலைக்குப் போன் போட்டுக் கேட்டார். அண்ணாச்சியே எடுத்தார். "வந்துட்டு, வந்துட்டு. பதினெட்டு மூடை ஈரம். லாரி கெளம்பியாச்சு. நீ அங்கேயே இரு பிள்ள." ஜெபராணி போனை வைத்துவிட்டு ஜாதிக்காய் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மூன்றே முக்கால் பஸ்ஸில் நான் ஊருக்குக் கிளம்பினேன். கண்டக்டர் வழக்கம்போல வெளியே கையை நீட்டி, "டப்பா எவிடெ?" என்றார். ஜெபராணி டப்பாவைக் கொடுத்தார். உள்ளே ஜாதிக்காய் ஊறுகாய், அவருக்குத்தான். மூன்று வருடக் கூலி என்றார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியவை: தம்பானூரிலிருந்து பஸ்ஸில் எழுபது ரூபாய் ஆகும், இரண்டு மணி நேரம். திரும்பும் பஸ் நேரத்தை டீக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள், போனில் பார்த்ததை நம்பாதீர்கள். நான் தங்கிய வீட்டில் ஓர் இரவுக்கு 1,200, காலைப் புட்டு உட்பட. மே மாதம் போனால் மதியம் இரண்டுக்குள் பொன்முடியைப் பார்த்து இறங்கிவிடுங்கள். கல்லாற்றுக்கு மேலே இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள், மழையில் வேடிக்கை இல்லை. ஆற்றில் இறங்குமுன் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேளுங்கள், மேலே மழை பெய்தால் தண்ணீர் சட்டென்று ஏறும். மொத்தத்தில் எதற்குமே உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேளுங்கள். என் படிவத்தில் "ஏற்றதல்ல" கட்டத்துக்கு மேலே இப்போது ஒரு புது வரி சேர்த்திருக்கிறேன்: "இங்கே வசிக்கும் யாரிடம் கேட்டேன்?" பெயர் எழுதாமல் அடுத்த பக்கம் திறக்காது.

பள்ளி திறந்த அன்று காலை கல்லாற்றிலிருந்து ஒரு படம் வந்தது. டீக்கடை வாசலில் சீருடையில் ஜெபராணியின் மகள், முதுகில் புதுப் பை, தலைக்கு மேலே நம் கம்பம். பின்னால் முழுக்க ரப்பர் இலை. கீழே ஒரே வரி எழுதியிருந்தார்: "இலையோட எடுத்துருக்கேன் மேடம். இத ஃபைல்ல வெச்சுக்குங்க."

வைத்துக்கொண்டேன். ஜனவரிப் படத்துக்குப் பக்கத்திலேயே.