படைப்பதற்கு முன்

தாம்பரத்தில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்து, ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை, அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தாள். எண்பதுகளின் நடுவில் அந்தப் பக்கமெல்லாம் பாதி வயல், பாதி மனை. வீட்டுக்கார அக்கா அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். தினமும் சாயங்காலம் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "இன்னா டீச்சர், சாப்ட்டியா?" என்பாள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே என்னைப் பார்த்து ஒருவர் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான்.

முதல் பொங்கலன்று ஒரு கிண்ணம் நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு வந்தாள். நெய் வாசனை வாசலிலேயே ஆளைத் தூக்கியது. அப்போது நான் சபையின் ஜெபக்குழுவில் புதிதாகச் சேர்ந்து, பக்தி தலைக்கேறித் திரிந்த நேரம். "நாங்க படைச்சதைச் சாப்பிட மாட்டோம்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அக்காவின் முகம் சுருங்கிப் போயிற்று. "தெரியாம கொண்டாந்துட்டேன் டீச்சர்" என்று கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டு போனாள்.

அந்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்து இதைத்தான் சொன்னேன். விசுவாசத்தில் உறுதியாக நின்றேனாம். எத்தனை அல்லேலூயா! அன்றைய பிரசங்கம் வேறு, பிறனிடத்தில் அன்புகூருவதைப் பற்றி. முடிந்ததும் "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அவரவர் குடும்பத்தோடு ஸ்கூட்டர் ஏறிப் போனார்கள். வீட்டுக்கு வாருங்கள் என்று ஒரு வாய்கூட அழைக்கவில்லை. நான் வந்து மோர் சோறு சாப்பிட்டேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. அக்காவுக்குக் கோபமில்லை, என்னைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று ஒதுங்கிக்கொண்டாள். அது கோபத்தைவிட மோசம். தனிமை என்றால் என்னவென்று அந்த வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. ரேடியோவில் நிகழ்ச்சி முடிந்த பிறகும் அணைக்காமல் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கிறிஸ்மஸுக்கு எங்கள் திருநெல்வேலிப் பலகாரம் முந்திரிக்கொத்து சுட்டேன். தட்டோடு அக்கா வாசலில் போய் நின்றேன். நான் சொன்னதையே அவள் திருப்பிச் சொன்னால் எனக்கு வாயில்லை. அவளோ ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஏசு சாமிக்கு வெச்சியா?"

"நாங்க அப்படி வைக்கிறதில்ல அக்கா."

"அதுக்கின்னா, அவரு பண்டிகதானே" என்று வாயில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த பொங்கல் வந்தது. காலையில் முற்றத்தில் பானை பொங்கிப் பிள்ளைகளின் கூச்சல் அடங்கியதும், அக்கா கிண்ணத்தோடு வந்தாள். "இது படையல் இல்ல டீச்சர். படைக்கறதுக்கு முன்னாலயே உனுக்குத் தனியா எடுத்துட்டேன். பயப்படாம சாப்டு."

சந்தோஷமாகச் சாப்பிட உட்கார்ந்தேன். மதிலுக்கு அப்பால் அவள் மருமகளின் குரல் கேட்டது. "சாமிக்கு வெக்கறதுக்கு முன்னால தொட்டா கொயந்தைங்களையே அடிப்பீங்க. இப்ப நீங்களே எடுத்துக் குடுத்துட்டீங்களே அத்தை?"

"அது தனியா கீதும்மா. சாமி கொஞ்சம் பொறுத்துக்கும்."

கிண்ணத்தில் பாதி மீதி இருந்தது. என் விசுவாசத்துக்குக் குறை வரக் கூடாதென்று தன்னுடைய விசுவாசத்தை மீறியிருக்கிறாள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. முகத்தைக் கழுவிக்கொண்டு மதிலருகே போனேன்.

"அக்கா, படைச்சப்புறம் எனக்கு இன்னொரு கிண்ணம் குடுங்க."

"அத்த நீ சாப்ட மாட்டியே டீச்சர்?"

"சாப்பிடுவேன் அக்கா."