வில்ஃபின் மஞ்சள் எம்.ஜி.யும் நான் பூசிய பட்டியும்

வில்ஃப் பார்ஜெட்டர் முப்பத்து நான்கு வருடம் இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டர் ஊரில் பஸ் ஓட்டியவர். தனக்கென்று அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: கூரையை மடக்கிவிட்டு ஓட்டுகிற இரண்டு சீட்டு எம்.ஜி. கார். 1986இல், பழைய கார் விற்கும் கடை புதிதாகப் போட்டிருந்தபோது, மஞ்சள் நிறத்தில் ஒன்றை அவருக்கு விற்றவன் நான்தான். வாங்கியதோடு சரி, ஷெட்டில் போட்டுப் பூட்டிவிட்டார். பப்பில் யாராவது கேட்டால், “மழை வர்ற மாதிரி இருக்குப்பா” என்பார். ஜூலை வெயிலிலும் அதே பதில். “என்ன வில்ஃப், காரு வாங்கினீங்களா, ஷோகேஸ் பொம்மை வாங்கினீங்களா?” என்று எல்லாரையும்விட அதிகம் கிண்டலடித்தவனும் நான்தான்.

போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். மார்ச்சில் அவர் மனைவி டோரீன் போன் செய்தாள்.

“கிளைவ், காரை விக்கணும். வந்து விலை சொல்லு. ஒன்பதாயிரம் பவுண்டு கிடைச்சா கீழயே ஒரு குளியலறை கட்டிக்குவேன். மாடிப்படி ஏற முடியலை. இல்லேன்னா என் மக என்னை முதியோர் இல்லத்துல தள்ளிடுவா.”

பழைய கார்களுக்கு விலை சொல்ல எங்கள் ஊர்ப் பழைய கார் கிளப் என்னைத்தான் அனுப்பும். அன்று நான் விழுந்தடித்து ஓடியது நல்ல மனசினால் இல்லை. வேறு எவனாவது போய்ப் பார்த்தால் என் மானம் கப்பலேறிவிடும்.

கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் இரும்புப் பெட்டிதான் அந்தக் காருக்கு உயிர்; கூரையில்லாத காரை மடங்காமல் தாங்குவது அதுதான். விற்கும்போதே துரு அதைத் தின்றிருந்தது. ஓட்டைகளில் செய்தித்தாளைத் திணித்து, மேலே பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்து வில்ஃப் தலையில் கட்டிவிட்டேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

ஷெட்டில் டோரீன் மடக்கு நாற்காலியில் டீ கோப்பையோடு உட்கார்ந்துகொண்டாள். சீட்டுக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போயின. எப்போதும் செய்கிற சோதனைக்காகத் துணி சுற்றிய காந்தத்தை எடுத்தேன். பானெட்டில் ஒட்டியது. கதவில் ஒட்டியது. அவள் பார்த்துக்கொண்டிருக்க, வேறு வழியில்லாமல் கதவுக்கு அடியிலும் வைத்தேன், பொத்தென்று விழுந்தது. பட்டியில் காந்தம் எங்கே ஒட்டும்?

“ஏன் விழுது?” என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாவி, வாயில் வந்தது வேறு.

“ஈரம் டோரீன். அப்பப்போ வெளிய எடுத்து ஓட்டியிருக்கணும். வில்ஃப் சும்மாவே நிறுத்திவச்சுக் கெடுத்துட்டார். ரெண்டாயிரம் தேறினாப் பெருசு.”

அவள் டீயைக் கீழே வைத்தாள்.

“வாங்கின மூணாவது வாரம் கதவுக்கு அடியில ஜாக்கி வச்சாரு. ஜாக்கி அப்படியே உள்ள போயிருச்சு. உள்ளேருந்து பேப்பர் வந்துச்சு, கிளைவ். கால்பந்து ரிசல்ட் பக்கம். உக்காந்து படிச்சோம்.”

விழுந்த காந்தத்தைப் பொறுக்கியபடி கேட்டேன்.

“என்கிட்ட வந்து ரெண்டு அறை விட்டிருக்கலாமே?”

“நான் போகச் சொன்னேன். மாட்டேன்னுட்டாரு. நீ கடை போட்டு ஒரு வருஷம். உன் பொண்டாட்டி வேற மாசமா இருந்தா. வெளிய தெரிஞ்சா அந்தப் பையன் பொழப்பு போயிரும்னாரு. ஓட்டுனா கார் ரெண்டா மடங்கிரும், அதான் ஓட்டலை.”

முப்பது வருடத்துக்கும் மேலாக, வெள்ளிக்கிழமை தவறாமல், பப்பில் எனக்கு எதிரே உட்கார்ந்து என் கிண்டலைக் கேட்டுச் சிரித்த மனிதர்.

“எல்லாம் தெரிஞ்சும் ஏன் என்னைக் கூப்பிட்டீங்க?”

“நீயாச் சொல்லுவேன்னு நெனச்சேன். நீ என்னடான்னா செத்த மனுசன் மேலயே பழியப் போடுற.”

அழுதுவிட்டேன். அறுபத்திரண்டு வயதில், எலிப்புழுக்கை நடுவே மண்டியிட்டு அழுதேன். அவள் கீழே வைத்த டீயை எடுத்துக் குடித்தாள்.

“ரெண்டு பக்கமும் வெட்டிப் புது இரும்பு வச்சா கார் ஒன்பதாயிரத்துக்குக் குறையாம விலை போகும். நானே செஞ்சு தரேன் டோரீன். ஒரு பைசா வேணாம்.”

“செலவை நீ குடு, வாங்கிக்கிறேன்” என்றாள். பேனாவைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினாள். “ஆனா வேலை செய்ய நீ வேணாம். நம்பிக் குடுக்கிற மாதிரி ஒரு நல்ல ஆளு பேரு எழுதிக் குடு.”