கடலுக்குப் போயிருக்கிறான் என்று நினைத்தோம்

நண்டு செத்துப்போய்விட்டான். பத்து நாளாகிறது... எங்களுக்கு நேற்றுதான் தெரியும்.

நண்டு என்பது கேமில் அவன் வைத்துக்கொண்ட பெயர். நிஜப் பெயர் கலைவாணன் என்பதையே அவன் தங்கை அனுப்பிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்தான் பார்த்தேன். மூன்று வருட நண்பன். வயது பத்தொன்பது.

ப்ளஸ் ஒன் படிக்கும்போது மொபைல் கேமில் சேர்ந்தவர்கள் நாங்கள். கூத்தாநல்லூர் நான், மன்னார்குடி தினேஷ், பூம்புகார்ப் பக்கம் நண்டு. நேரில் பார்த்ததே இல்லை. பஸ் ஏறினால் போய்விடலாம்... "லீவுல பாத்துக்கலாம்டா" என்றே ஓட்டிவிட்டோம்.

நோன்பு மாதத்தில் சாயங்காலம் நான் சுருண்டு கிடப்பேன். கால் பண்ணி, "பாய், இன்னும் ஆறே நிமிஷந்தான்டா, தாங்கு" என்று கலாய்த்துக்கொண்டே இருப்பான். பாங்கு சத்தம் போனில் கேட்டதும், "போடா, போய்த் தின்னு" என்று அவனே கட் பண்ணுவான்.

ப்ளஸ் டூ முடித்ததும் அப்பாவோடு விசைப்படகில் போக ஆரம்பித்தான். நடுக்கடலில் டவர் கிடையாது. ஒரு வாரம், சில தடவை ரெண்டு வாரம்கூடச் சத்தமே இருக்காது. பிறகு திடீரென்று, "கரை தெரியுதுடா!" என்று வாய்ஸ் மெசேஜ் வரும்.

அதனால் ஆன்லைனில் இல்லையென்றால் கடலில் இருக்கிறான் என்று அர்த்தம். போன் போட மாட்டோம்.

இந்த முறையும் அப்படித்தான் நினைத்தோம்.

ஆனால் இது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் பாதியிலிருந்து இரண்டு மாதம் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. போன வருடம் இதே நாட்களில் பகல் முழுக்க எங்களோடுதான் விளையாடினான். எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் அது உறைக்கவில்லை.

திருவாரூரில் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். மஞ்சள் காமாலை முற்றிப்போய்... ஒரு வாரம். என் வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

நேற்று குரூப்பில், "டேய் நண்டு, எப்படா கரைக்கு வருவ?" என்று போட்டேன். அவன் நம்பரிலிருந்து கால் வந்தது. தங்கை.

"அண்ணனால டைப் பண்ண முடியலைங்க. பசங்க கூப்புடுவாங்க, போன கையிலயே வச்சுக்கன்னு சொல்லுச்சு. நானும் சார்ஜ் போட்டுப் போட்டு வச்சிருந்தேன்... ஏங்க நீங்க யாருமே கூப்புடல?"

என்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை கருமாதி. நானும் தினேஷும் வருகிறோம், நண்டு. நாங்கள் ரெண்டு பேரும் முதன்முதலாக முகம் பார்த்துக்கொள்ளப்போவது உன் வீட்டு வாசலில்தான்டா.

மன்னிச்சுருடா... போயிட்டு வா.